வடக்கா, தெற்கா? 1941 கோடையில் ஜப்பான் எடைபோட்ட இரண்டு போர்கள்

இரண்டாம் உலகப்போரைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் இதைக் கேட்காமல் விடமாட்டார்: "ஹிட்லர் மேற்கிலிருந்து அடித்தபோது ஜப்பான் கிழக்கிலிருந்து அடித்திருந்தால் ரஷ்யா காலிதானே?" ஜெர்மனி பக்கம் உட்கார்ந்து பார்த்தால் நியாயமான கேள்வி. டோக்கியோவில் உட்கார்ந்து பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வரும். அங்கே வடக்கு என்றால் ரஷ்யா, தெற்கு என்றால் ஐரோப்பியர் ஆண்ட தென்கிழக்கு ஆசியா.

1941 ஏப்ரல் 13-ல் ஜப்பானின் வெளியுறவு அமைச்சர் மட்சுவோகா மாஸ்கோவில் சோவியத்தோடு நடுநிலை ஒப்பந்தம் போட்டார். ரயிலடிக்கு ஸ்டாலினே வந்து வழியனுப்பினார். ஜூன் 22-ல் ஜெர்மனி சோவியத் எல்லையைத் தாண்டியதும் அதே மட்சுவோகா சக்கரவர்த்தியிடம் போய், ரஷ்யாவை உடனே தாக்க வேண்டும் என்றார். கேட்டவர்கள் திகைத்துப் போனதில் ஆச்சரியமில்லை.

வடக்கே போவது தரைப்படையின் பழைய கனவு. 1905-ல் ரஷ்யாவை வென்றவர்கள். 1918 முதல் 1922 வரை சைபீரியாவில் படை வைத்திருந்தவர்கள். 1932-ல் சீனாவின் வடகிழக்கிலுள்ள மஞ்சூரியாவை மஞ்சுகுவோ என்ற பொம்மை நாடாக்கியவர்கள். பயிற்சியும் போர்த் திட்டங்களும் பெரும்பாலும் ரஷ்யாவை மனத்தில் வைத்தே. சோவியத்தின் பசிபிக் துறைமுகமான விளாடிவோஸ்டாக்கிலிருந்து கிளம்பும் குண்டுவீச்சு விமானம் டோக்கியோவரை வரும் என்ற நிஜமான பயமும் இருந்தது.

ஆனால் 1939-ல் மங்கோலிய எல்லையில், நோமொன்ஹானில், அந்தக் கனவுக்கு அடி விழுந்தது. ஆகஸ்ட் 20-ல் சோவியத் தளபதி ஜுகோவ் டாங்கிகளை இரு பக்கமும் சுற்றவிட்டு ஜப்பானின் 23-வது டிவிஷனை நொறுக்கினார். மூன்று நாள் கழித்து, ஜப்பான் நம்பியிருந்த ஹிட்லரே ஸ்டாலினோடு ஒப்பந்தம் போட, டோக்கியோவில் அரசாங்கமே கவிழ்ந்தது. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு திறந்த சோவியத் ஆவணங்களைப் பார்த்தால் அவர்கள் பக்கச் சேதமும் லேசானதில்லை. இறந்தோரும் காயமடைந்தோரும் சேர்த்து சுமார் 25,000 பேர். அன்று ஜப்பானியர்களுக்கு அது தெரியாது. தாங்கள் பட்ட அடி மட்டும்தான் தெரியும்.

அதனால் 1941-ல் தரைப்படைத் தலைமை ஒரு நிபந்தனை வைத்தது. தூரக்கிழக்கில் இருக்கும் சோவியத் படையில் பாதியாவது மேற்குக்குப் போகட்டும், பிறகு இறங்கலாம். பழம் நழுவிப் பாலில் விழட்டும் என்ற கணக்கு. ஜூலையில் 'சிறப்புப் பயிற்சி' என்ற பெயரில் மஞ்சூரியாவில் இருந்த குவாண்டுங் படை சுமார் 7 லட்சம் பேராக வீங்கியது. ஸ்டாலின் மேற்குக்கு டிவிஷன்களை அனுப்பத்தான் செய்தார், ஆனால் காலியான இடத்தில் புது ஆட்களைத் திரட்டி நிரப்பிக்கொண்டே இருந்தார். (டோக்கியோவில் இருந்த சோவியத் உளவாளி சோர்கே செப்டம்பரில் அனுப்பிய, ஜப்பான் இப்போது தாக்காது என்ற தகவல்தான் மாஸ்கோவைக் காப்பாற்றியது என்று சொல்வது கொஞ்சம் மிகை. அதற்கு முன்பே படைகள் நகரத் தொடங்கிவிட்டன.) சைபீரியக் குளிர் வருமுன் போரை முடிக்க வேண்டுமானால் ஆகஸ்ட் நடுவுக்குள் முடிவெடுத்தாக வேண்டும். பழம் விழவில்லை.

சரி, விழுந்திருந்தாலும் கையில் என்ன வந்திருக்கும்? கடற்கரை, காடு, வடக்கு சகலின் தீவில் கொஞ்சம் எண்ணெய். அங்கே எண்ணெய் எடுக்கும் உரிமை ஜப்பானுக்கு ஏற்கெனவே இருந்தது, ஆனால் கப்பற்படையின் பசிக்கு அது எந்த மூலைக்கு? காலடியிலேயே மஞ்சூரியாவில் டாச்சிங் எண்ணெய் வயல் கிடந்தது. 1959-ல்தான் சீனர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள்.

தெற்கு கப்பற்படையின் ஆசை. 1940-ல் நெதர்லாந்தும் பிரான்சும் வீழ்ந்தன, பிரிட்டன் தன் உயிரைக் காத்துக்கொள்ளப் போராடிக்கொண்டிருந்தது. டச்சு இந்தியத் தீவுகளின் (இன்றைய இந்தோனேசியா) எண்ணெய், மலாயாவின் ரப்பரும் வெள்ளீயமும் காவல் குறைந்து கிடந்தன. ஆள் கணக்கிலும் தெற்கு மலிவு. ஜப்பானின் மொத்தம் 51 டிவிஷன்களில் தெற்குக்கு ஒதுக்கியது 11 தான். வடக்குக்கு 20-க்கும் மேல் வேண்டும். படையில் பெரும் பங்கோ சீனப் போரில் மாட்டிக்கொண்டிருந்தது. தெற்கே படிப்படியாகவும் நகரலாம்: 1940 செப்டம்பரில் பிரான்சின் கையிலிருந்த இந்தோசீனாவின் வடபகுதி, 1941 ஜூலையில் தென் இந்தோசீனா. வடக்கில் அப்படிக் கால் நனைத்துப் பார்க்க முடியாது, முதல் நாளே முழுப்போர். தெற்கின் ஒரே பெரிய ஓட்டை அமெரிக்கா.

ஜூலை 2-ல் சக்கரவர்த்தி முன்னிலையில் கூடிய மாநாடு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததாகப் பலர் எழுதுகிறார்கள். உண்மையில் அது இரண்டையும் வைத்துக்கொண்டது. தெற்கே முன்னேறுவோம், வடக்கே தயாராக இருப்போம் என்பதுதான் தீர்மானம். இரண்டு சேனைகளும் சண்டை போடாமல் கையெழுத்திட அதைவிட வசதியான வாசகம் ஏது? தென் இந்தோசீனாவுக்குப் போனால் அமெரிக்கா முறைக்கும், அதற்குமேல் ஒன்றும் செய்யாது என்று நம்பினார்கள். ஜூலை 26-ல் சொத்துகள் முடக்கம், ஆகஸ்ட் 1-ல் எண்ணெய்க்கும் தடை. ஜப்பானின் எண்ணெயில் சுமார் 80 சதவீதம் அமெரிக்காவிலிருந்து வந்தது. கப்பற்படை மணிக்கு 400 டன் எரிக்கிறது என்று அதன் தலைமைத் தளபதி நகானோ அக்டோபரில் சொன்னார். ஆகஸ்ட் 9-ல் தரைப்படைத் தலைமை அந்த ஆண்டுக்கு வடக்கைக் கைவிட்டது.

என் பார்வையில் ஜெர்மனிக்கு வடக்கு நல்லது, ஜப்பானுக்கு வடக்கு படுமோசம், தெற்கு மோசம். எண்ணெய் இல்லாமல் சைபீரியாவில் ஜெயித்தாலும் கப்பல்கள் துறைமுகத்தில் நின்றிருக்கும். வடக்குக் கட்சிக்குச் சாதகமான வலுவான வாதம் நிலத்தைப் பற்றியதே அல்ல. அமெரிக்கா சோவியத்துக்கு அனுப்பிய உதவிச் சரக்கில் ஏறத்தாழ பாதி பசிபிக் வழியாக, சோவியத் கொடி பறக்கும் கப்பல்களில், ஜப்பானின் கண் முன்னாலேயே விளாடிவோஸ்டாக் போனது. அதை மறித்திருந்தால் ஸ்டாலினுக்கு வலித்திருக்கும். ஆனால் அதன் பலனை அனுபவிப்பது பெர்லின். விலை கொடுப்பது டோக்கியோ.

மூன்றாவது வழி ஒன்று இருந்தது: அமெரிக்கா கேட்டபடி சீனாவிலிருந்து பின்வாங்குவது. அக்டோபரில் பிரதமர் கொனோயே அந்தப் பேச்சை எடுத்தபோது போர் அமைச்சர் டோஜோ ஒப்பவில்லை. கொனோயே விலகினார், டோஜோ பிரதமரானார். வடக்கும் தெற்கும் அந்தச் சீனச் சேற்றிலிருந்து தப்பிக்கத் தேடிய குறுக்குவழிகள்தான் என்பதை இந்த ஒப்பீட்டில் பலர் விட்டுவிடுகிறார்கள்.

தெற்குத் தீர்மானம் நம்மவர்களையும் தொட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம்–பர்மா ரயில்பாதை போடக் கொண்டுபோன தமிழர்களில் ஆயிரக்கணக்கானோர் திரும்பவில்லை. 1942 ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு விழ, மதராஸ் பட்டணமே பாதி காலியானது.

வடக்குப் போர் கடைசியில் வரத்தான் செய்தது, ஆனால் நாள் குறித்தது ஸ்டாலின். 1945 ஆகஸ்ட் 9-ல் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட சோவியத் வீரர்கள் மஞ்சூரியாவுக்குள் நுழைந்தபோது, குவாண்டுங் படையின் நல்ல டிவிஷன்களைத் தெற்குப் போர் ஏற்கெனவே உருவிக்கொண்டிருந்தது.