489 வெற்றியா, 11 பட்டமா?

அமெரிக்கக் கால்பந்தில் (பந்தைக் கையில் பிடித்து ஓடுகிற ஆட்டம்) டிவிஷன் 3, அதாவது மூன்றாம் அடுக்குக் கல்லூரிகள், விளையாட்டுக்கென்று உதவித்தொகை தரக் கூடாது. டிவியிலும் அவ்வளவாக வராத இந்தச் சின்னக் கல்லூரிகளிலேயே பேர் எடுத்த கோச்கள் இருவர்: மினசோட்டா செயின்ட் ஜான்ஸின் ஜான் கலார்டி, ஒஹாயோ மவுண்ட் யூனியனின் லாரி கேரஸ்.

இருவரில் யார் பெரிய கோச்? கணக்கை மட்டும் பார்த்தால் கேரஸ்தான். 27 சீசனில் 332 வெற்றி, 24 தோல்வி, 3 டிரா, 11 தேசிய சாம்பியன் பட்டம். கலார்டி 64 சீசன் நின்று 489 ஆட்டம் ஜெயித்தார். கல்லூரிக் கால்பந்தில் அதுதான் சாதனை. ஆனால் தோல்வியும் 138, பட்டம் நான்கே நான்கு.

எனக்கென்னவோ மனசு கலார்டி பக்கம்தான் சாய்கிறது. அவர் பயிற்சியில் விசில் கிடையாது, ஆளைப் பிடித்துத் தள்ளும் டேக்கிளும் கிடையாது. 'கோச்' என்று கூப்பிடக் கூடாது, வெறும் 'ஜான்'. ஒன்றரை மணி நேரத்தில் மூட்டை கட்டிவிடலாம். (நம்ம பள்ளிக்கூட பி.டி. மாஸ்டர் கேட்டால் மயக்கம் போட்டுவிடுவார்.)

இப்படிப் பழகின பசங்க களத்தில் தாக்குப்பிடிப்பார்களா? 2003 இறுதி ஆட்டத்தில் இருவரும் நேருக்கு நேர். மவுண்ட் யூனியன் தொடர்ந்து 55 ஆட்டம் ஜெயித்து வந்திருந்தது. செயின்ட் ஜான்ஸ் 24-6 என்று முடித்துவைத்தது. கலார்டிக்கு அப்போது வயது 77.