டிரெட்மில் மோட்டாருக்கு எந்த போர்டு: கூட வந்ததா, டிசி டிரைவா, டிம்மரா?

சென்னையில் வியாசர்பாடி, ராயபுரம் பக்கத்துக் காயலான் கடைகளில் பழைய டிரெட்மில் கிடைத்தால் மோட்டாரை விட்டுவிடாதீர்கள். டிரில்லிங் மெஷின், மர லேத், பெல்ட் சாண்டர் எல்லாவற்றுக்கும் ஆகும். பிளேட்டில் போட்டிருக்கும் 2.5 எச்.பி.யை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். 180 வோல்ட், 8 ஆம்பியர் என்றால் உள்ளே போவதே 1440 வாட்தான், 2 எச்.பி.கூட இல்லை. தொடர்ந்து ஓட்ட அதில் பாதியைக் கணக்கு வையுங்கள்.

இது டிசி மோட்டார், எனவே வீட்டு ஏசி கரண்டை டிசியாக்கி வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு போர்டு வேண்டும். டிரெட்மில்லோடு கூட வந்த போர்டுக்குத் தனிச் செலவில்லை, ஆனால் வகை பார்க்க வேண்டும். எம்.சி.60 மாதிரியான பழைய போர்டு என்றால் வேலை சுலபம்: மூன்று வயரில் ஒரு வால்யூம் கண்ட்ரோல் (திருகி வேகத்தை மாற்றும் பொட்டென்ஷியோமீட்டர்), அவ்வளவுதான். பூஜ்யத்தில் வைத்துத்தான் ஆன் செய்ய வேண்டும், இல்லையென்றால் கிளம்பாது. எம்.சி.2100-க்கு வால்யூம் ஒத்துவராது. நொடிக்கு 20 பல்ஸ் கொடுத்து, பல்ஸின் அகலத்தை 85 சதவீதம் வரை கூட்டிக் குறைக்க வேண்டும். ஆர்டுயினோ (புரோகிராம் எழுதி ஓட்டும் சின்ன கண்ட்ரோல் போர்டு) தெரிந்தவருக்கு அரை மணி வேலை. ஸ்டிக்கரில் 120 வோல்ட் என்றிருந்தால் நம் வீட்டு 230-ல் நேரே செருகாதீர்கள்.

இங்கே அதிகம் கிடைக்கும் 230 வோல்ட் மாடல்கள் பலவற்றில் போர்டும் கன்சோலும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்கும். கன்சோலைக் கழற்றினால் எர்ரர் காட்டி நின்றுவிடும். ஸ்பீடு சென்சாரின் காந்தம் விட்டுப்போனாலும் அதே கதை. ஆகவே கன்சோல், சென்சார், சேஃப்டி கீ மூன்றையும் சேர்த்தே வாங்குங்கள். கரண்ட் போய் வந்தால் மெஷின் தானாக ஓடாது என்பது இதன் பெரிய நன்மை.

பிரிட்ஜ் (ஏசியை டிசியாக்கும் டயோடுகள்) போட்ட டிம்மர்தான் விலை குறைவு. அதில் லோடைக் கவனிக்கும் சர்க்யூட்டே கிடையாது. பிட் இரும்பைக் கடித்ததும் வேகம் விழும், நீங்கள் திருகுவீர்கள், பிட் வெளியே வந்ததும் மோட்டார் அலறும். கரண்ட் திரும்பி வந்தால் விட்ட வேகத்திலேயே கிளம்பும். பிரிட்ஜுக்குப் பின்னால் கெபாசிட்டர் போட்டு 'சுத்தம்' செய்ய நினைத்தால் சராசரி 207 வோல்ட் 325 வரை ஏறும். 180 வோல்ட் மோட்டாரின் கார்பன் பிரஷ் தாங்காது. பஃபிங்குக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

டிரில்லுக்கும் லேத்துக்கும் எங்கள் ஓட்டு தைரிஸ்டர் டிசி டிரைவுக்குத்தான், அதாவது டிசி மோட்டாருக்கென்றே தனியாக விற்கும் வேகக் கட்டுப்பாட்டு போர்டு. 230 உள்ளே, 180 வெளியே. நாப் பூஜ்யத்தில் இருக்கும்போது ஷாஃப்ட் நிற்கும்படி மினிமத்தையும், மீட்டரில் 180 வரும்படி மேக்ஸிமத்தையும் வையுங்கள். கரண்ட் லிமிட் பிளேட் ஆம்பியரில் ஒன்றரை மடங்கு. அடுத்தது ஐ.ஆர். திருகு, லோடு ஏறும்போது வேகம் விழாமல் வோல்ட்டைக் கூட்டிக் கொடுப்பது. இதுதான் காசுக்கு மதிப்பு. கட்டையை லேசாக அழுத்தி லோடு கொடுத்து, வேகம் குறையாத இடம் வரை கூட்டுங்கள். ஷாஃப்ட் விட்டுவிட்டு உதறினால் அளவு மிஞ்சிவிட்டது, கொஞ்சம் பின்வாங்குங்கள். டிரெட்மில்லில் இருந்த சோக்கை (இரும்பில் சுற்றிய கம்பிச் சுருள்) தூக்கிப் போடாமல் மோட்டார் வயரில் சீரியஸாகப் போட்டால் சூடும் கார்பன் பொறியும் குறையும்.

எதைப் போட்டாலும் சரி, வால்யூம் கண்ட்ரோலின் கால்களில் மெயின் கரண்ட் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பல போர்டுகளில் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்கிலும் இருக்கும். பிளாஸ்டிக் நாப், மூடிய பெட்டி, மோட்டார் பாடிக்கு எர்த் கட்டாயம். காசிமேடு மாதிரி கடல் காற்று அடிக்கும் இடத்தில் உப்பும் இரும்புத் தூளும் போர்டில் படிந்தால் அதிலுள்ள செம்புக் கோடு (டிராக்) எரியும். மோட்டாரின் ஃபேனும் தூளை உள்ளே இழுக்கும், எனவே பொறி பறக்கும் பக்கம் வைக்காதீர்கள். திருப்பி ஓட்டும் முன் ஃபிளைவீலைப் பாருங்கள். மரையில் முறுக்கியது என்றால் எதிர்த்திசையில் கழன்று பறக்கும்.

வேகத்தை முழுக்க போர்டிலேயே குறைக்கவும் வேண்டாம். 12 மி.மீ. பிட்டுக்கு 600 ஆர்.பி.எம். போதும் என்று 4000 ஆர்.பி.எம். மோட்டாரை அந்த வேகத்துக்கு இறக்கினால் பவர் 15 சதவீதம்தான் மிஞ்சும், ஃபேனும் மெதுவாகச் சுற்றி மோட்டார் சூடாகும். 1:4 புல்லி போட்டால் மோட்டார் 2400-ல் ஓடும், அதே பிட் திணறாமல் இறங்கும்.