பள்ளிக்கூடப் பையன் எடுத்த பேட்டிகளுக்காகவே வாங்கலாம்: ‘சிக் இன் த ஹெட்’

அமெரிக்க நகைச்சுவைப் பட இயக்குநர் ஜட் ஆபடாவின் ‘சிக் இன் த ஹெட்’ புத்தகத்தை வாங்கலாமா என்று, யார் வேண்டுமானாலும் மேடையேறி ஜோக் சொல்லிப் பார்க்கும் ஓப்பன் மைக்குக்கு வரும் புதியவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. தாராளமாக வாங்கலாம். ஆனால் முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்காதீர்கள். ரேண்டம் ஹவுஸ் 2015-இல் வெளியிட்ட இது, நகைச்சுவைக் கலைஞர்கள், எழுத்தாளர்கள், இயக்குநர்களுடன் ஆபடாவ் நடத்திய உரையாடல்களின் தொகுப்பு. சுமார் 500 பக்கம். பேட்டிகளை ஆட்களின் முதல் பெயரை வைத்து அகர வரிசையில் அடுக்கியிருக்கிறார்கள். ஆடம் சாண்ட்லர் முதலில், ஸ்டீவ் மார்ட்டின் கடைசியில். புத்தகத்தின் பெரிய குறை இந்த அடுக்குதான். இதன் உயிர் 1983, 84-இல் எடுத்த பேட்டிகளில் இருக்கிறது. அவை அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கின்றன.

முன்கதை தெரிந்தால் ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று புரியும். ஆபடாவ் 1967-இல் பிறந்தவர், நியூயார்க் பக்கத்தில் லாங் ஐலண்டிலுள்ள சயோசெட்டில் வளர்ந்தவர். சிறு வயதிலேயே பழைய நகைச்சுவைப் பட நடிகர்களான மார்க்ஸ் சகோதரர்களைப் பற்றி 30 பக்கம் எழுதியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் யாரும் எழுதச் சொல்லவில்லை, தனக்காகவே எழுதிக்கொண்டது. ‘சாட்டர்டே நைட் லைவ்’ என்ற தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியை டேப்பில் பதிவு செய்து, வசனங்களைக் கேட்டுக் கேட்டு எழுதி வைத்தார். பெற்றோர் பிரிந்தார்கள். அம்மா ஒரு கோடைக்காலத்தில் காமெடி கிளப் ஒன்றில் வேலை பார்க்க, மகனுக்கு அங்கே உட்கார்ந்து பார்க்கக் கிடைத்தது. அப்புறம் அவரே ஒரு கிளப்பில் பாத்திரம் கழுவினார்.

அவர் படித்த பள்ளியில் ஒரு சின்ன எஃப்.எம். நிலையம் இருந்தது. நண்பன் ஒருவன் அதை வைத்து ராக் இசைக்குழுக்களைப் பேட்டி எடுப்பதைப் பார்த்ததும், நாம் ஏன் காமெடியன்களைப் பிடிக்கக் கூடாது என்று ஆபடாவுக்குத் தோன்றியிருக்கிறது. அவர்களுடைய விளம்பரப் பொறுப்பாளர்களுக்குப் போன் போட்டு, லாங் ஐலண்ட் வானொலி நிலையத்திலிருந்து பேசுகிறேன் என்பார். பள்ளிக்கூட நிலையம் என்பதையும் தன் வயதையும் சொல்ல மாட்டார். கதவைத் திறந்தால் பெரிய டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு பதினைந்து, பதினாறு வயதுப் பையன் நிற்பான். திருப்பி அனுப்ப மனசு வருமா? உட்கார வைத்துப் பேசினார்கள். அப்படிப் பேசியவர்களில் ஜெர்ரி சைன்ஃபெல்ட், ஜே லெனோ, கேரி ஷாண்ட்லிங், ஸ்டீவ் ஆலன், ஜான் கேண்டி, ஹெரால்ட் ராமிஸ் எல்லாம் உண்டு. சைன்ஃபெல்டின் பெயரில் தொலைக்காட்சித் தொடர் வர இன்னும் ஆறு வருஷம் இருந்தது. லெனோ ‘டுநைட் ஷோ’ என்ற பின்னிரவுத் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் தொகுப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்ததே 1992-இல்தான். அன்றைக்கு இருவரும் ராத்திரி ராத்திரி மேடை ஏறிக்கொண்டிருந்த உழைப்பாளிகள்.

என்னை இந்தப் புத்தகத்தில் பிடித்து வைத்தது அந்தப் பையன் கேட்ட கேள்விகள். அவன் ரசிகன்தான், ஆனால் ரசிகன் கேட்பதை அவன் கேட்கவில்லை. ஒரு ஜோக்கை எப்படி எழுதுகிறீர்கள், மேடைக்கு எப்படிக் கொண்டுபோகிறீர்கள், தொழிலில் எப்படி நுழைந்தீர்கள் என்று வேலையைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்கிறான். 1983 சைன்ஃபெல்ட் பேட்டியைப் படித்துப் பாருங்கள். கேட்பவனுக்கு வயது குறைவு என்பதற்காகப் பதிலை அவர் சுருக்கவில்லை. எதிரே இருப்பவனும் தொழில்காரன் என்ற மாதிரி, ஜோக்கைப் பிரித்துப் பேசுகிறார். பெரிய பத்திரிகையாளர் கேட்டிருந்தால் இப்படிப் பேசியிருப்பாரா என்பது சந்தேகம்தான். தொழில் கற்கத் துடிக்கும் ஒருவனைப் பார்த்ததும் பெரியவர்களுக்கு ஒரு பொறுப்பு வந்துவிடுகிறது. அந்தப் பொறுப்பு ஒவ்வொரு பதிலிலும் தெரிகிறது.

அந்தப் பேச்சுகள் ஆபடாவுக்கு என்ன செய்தன? பேட்டி எடுத்ததால் பின்னாளில் வேலை கிடைத்தது என்று நான் சொல்ல மாட்டேன். முக்கியமானது, எவ்வளவு காலம் ஆகும் என்று அவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது. ஒரு காமெடியனுக்குத் தன் குரல் பிடிபடவே ஏழு வருஷம் ஆகும் என்று அந்த வயதிலேயே அவர்களிடமிருந்து தெரிந்துகொண்டார். ஓப்பன் மைக்கில் நான் பார்க்கும் பிள்ளைகளில் பலர் ஆறு மாதத்தில் மனம் உடைந்து நின்றுவிடுகிறார்கள். திறமை இல்லாமல் இல்லை. இந்தக் காலக் கணக்கை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

லாஸ் ஏஞ்சலஸுக்குத் திரைக்கலை படிக்கப் போனவர் படிப்பைப் பாதியில் விட்டார். அப்போது காமெடியனாக இருந்த ஆடம் சாண்ட்லருடன் ஒரே வீட்டில் தங்கினார். தன்னைவிட மேடையில் வலுவானவர்கள் இருப்பதைப் பார்த்து, ரோசன் பார் போன்ற காமெடியன்களுக்கு ஜோக் எழுதும் வேலைக்குத் திரும்பினார். ஷாண்ட்லிங் கிராமி இசை விருது விழாவைத் தொகுத்து வழங்கியபோது அவருக்கு எழுதிக் கொடுத்தார். பிறகு ஷாண்ட்லிங்கின் ‘த லாரி சாண்டர்ஸ் ஷோ’ தொலைக்காட்சித் தொடரில் அவரிடமே எழுத்தாளராகச் சேர்ந்தார். 1984-இல் பள்ளி மாணவனாகப் பேட்டி எடுத்தவரிடம் தொழில் கற்றார்! ஒருவரையொருவர் நேசிக்கும் மனிதர்களுக்கு நடுவே தொழில் குறுக்கே வந்து நிற்பதுதான் இந்தத் தொடரின் கதை என்று ஷாண்ட்லிங் சொல்லிக் கொடுத்ததை, ஆபடாவ் இன்றுவரை மேற்கோள் காட்டுகிறார். ஷாண்ட்லிங் 2016-இல் இறந்த பிறகு அவரைப் பற்றி ஆபடாவ் எடுத்த ஆவணப்படம் 2018-இல் வந்தது. பள்ளிக்காலத்தில் பேட்டி கொடுத்த ஹெரால்ட் ராமிஸோ, ஆபடாவ் இயக்கி 2007-இல் வந்த ‘நாக்ட் அப்’ படத்தில் கதாநாயகனின் அப்பாவாக நடித்தார். அந்தக் காட்சியை மறுபடி பார்த்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

நகைச்சுவை நடிகர் ஸ்டீவ் மார்ட்டின் கதையையும் சொல்ல வேண்டும். சிறுவனாக இருந்தபோது ஆபடாவ் அவர் வீட்டு வாசலில் கையெழுத்துக் கேட்டார். வீட்டில் கையெழுத்துப் போடுவதில்லை என்று மறுத்துவிட்டார் மார்ட்டின். பையன் கோபமாகக் கடிதம் எழுதினான். பதிலுக்கு மார்ட்டினின் புத்தகமே தபாலில் வந்தது, மன்னிப்புடன். ‘அந்த’ ஜட் ஆபடாவுடன் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று தெரியாமல் போய்விட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். பெயர் தெரியாத ஒரு பிள்ளைக்கு அன்றைக்கு அவர் செலவிட்டது அதிகம் போனால் பத்து நிமிஷம் இருக்கும்.

பிற்காலப் பேட்டிகளில் எல்லாமே எனக்கு ஒட்டவில்லை. ஆபடாவ் பெரிய இயக்குநர் ஆன பிறகு எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் நண்பர்கள், அல்லது அவர் படத்தில் நடித்தவர்கள். சில இடங்களில் பரஸ்பரப் பாராட்டு நீண்டுகொண்டே போகிறது. எடி வெடர் போன்ற இசைக்காரருடன் நடந்த உரையாடலுக்கு இங்கே என்ன வேலை என்று எனக்குப் பிடிபடவில்லை. காமெடியன் லூயி சி.கே. அத்தியாயத்தை இப்போது படிக்க மிகவும் சங்கடமாக இருக்கிறது. பெண்களிடம் அவர் நடந்துகொண்ட விதம் 2017-இல் வெளிவந்து, அவரே ஒப்புக்கொண்டார். புத்தகம் அதற்கு முந்தையது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மெல் புரூக்ஸ், மைக் நிக்கல்ஸ் போன்ற மூத்த இயக்குநர்கள் முன்னால் உட்காரும்போது மட்டும் ஆபடாவ் பழைய மாணவனாக மாறிவிடுகிறார். அந்த அத்தியாயங்களை விடாதீர்கள்.

நான் சிபாரிசு செய்யும் வரிசை இது: முன்னுரை முதலில். அப்புறம் சைன்ஃபெல்ட், லெனோ, ஷாண்ட்லிங், ஸ்டீவ் ஆலன் என்று பள்ளிக்காலப் பேட்டிகள் மொத்தமும். பிறகு ராமிஸ், மெல் புரூக்ஸ், நிக்கல்ஸ். அதன் பின் உங்களுக்குப் பிடித்த பெயர்கள். ஆங்கிலம் பேச்சு நடையில் இருப்பதால் வேகமாகப் போகும். எண்பதுகளின் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பெயர்கள் குறுக்கே வரும்போது நின்று தேட வேண்டியிருக்கும். கெட்ட வார்த்தைகள் உண்டு, பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்கு முன் பெரியவர்கள் ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது.

இதைப் படித்த பிறகு ஓப்பன் மைக் முடிந்து டீக்கடையில் மூத்தவர்களிடம் நான் கேட்பது மாறியது. முன்பு “அண்ணே, முதல் சான்ஸ் எப்படிக் கிடைச்சுது?” என்று கேட்பேன். இப்போது “அண்ணே, இன்னைக்கு அந்தக் கல்யாண வீடியோ பிட்ல நடு வரியைத் தூக்கிட்டீங்களே, ஏன்?” என்று கேட்கிறேன். அந்த அண்ணன் டீயைக் கீழே வைத்துவிட்டுப் பையிலிருந்து போனை எடுத்தார். ஒவ்வொரு செட்டையும், அதாவது ஒருமுறை மேடையேறிப் பேசுவது மொத்தத்தையும், பதிவு செய்து, மறுநாள் பஸ்ஸில் கேட்பாராம். தான் நினைத்த இடத்துக்கு முன்னாலேயே ஜனம் சிரித்துவிட்டால், அதற்குப் பிறகு வரும் வரியைத் தூக்கிவிடுவாராம். “சிரிக்கிறப்போ நீ பேசினா அவங்க சிரிப்பை நீயே நிறுத்துற தம்பி” என்றார். கடை சாத்தும்வரை பேசினோம். என் செட்டில் அந்த வாரமே மூன்று வரிகள் போயின.

இதன் இரண்டாம் தொகுதி ‘சிக்கர் இன் த ஹெட்’ 2022-இல் வந்திருக்கிறது. டேவிட் லெட்டர்மேன், வூப்பி கோல்ட்பெர்க், ஹானா காட்ஸ்பி எல்லாம் அதில் உண்டு. பெயர்கள் பெரியவை, ஆனால் டேப் ரெக்கார்டரோடு வந்த பையன் அதில் இல்லை. ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் முதல் தொகுதியை வாங்குங்கள்.