திருச்சியில் ஒரு கிஃப்ட் கார்டும் மறைந்துபோன 2,400 ரூபாயும்

இந்த முறை திருச்சிக்குப் போனபோது வங்கி, ஆட்டோ, மருந்துக்கடை எல்லாமே முன்பைவிட எளிதாக இருந்தன. யுபிஐ வந்த பிறகு சில்லறைக்காக யாரும் நிற்பதில்லை. எனக்குக் கோபம் வந்தது கிஃப்ட் கார்டு விஷயத்தில்தான்.

அக்கா மகளுக்கு வேலை கிடைத்ததற்காக, மெல்போர்னிலிருந்தே ஒரு பெரிய ஜவுளிக்கடையின் இணையதளத்தில் 10,000 ரூபாய்க்குக் கார்டு வாங்கி அனுப்பியிருந்தேன். பணம் கட்டும் பக்கம் வரும்வரை விலை 10,000தான். அங்கே போனதும் ‘கன்வீனியன்ஸ் ஃபீ’ 350, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 63 சேர்ந்து 10,413 ஆகிவிட்டது. ஒரு மின்னஞ்சல் அனுப்புவதற்கு 413 ரூபாய்! இப்படிக் கடைசி நேரத்தில் விலையை ஏற்றுவது, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் பட்டியலிட்ட 13 ஏமாற்று உத்திகளில் ஒன்று.

கடைக்கு நாங்கள் போனது ஆடித் தள்ளுபடி நேரம். அவள் ஆசையாக எடுத்த புடவையைப் பார்த்துவிட்டு, “தள்ளுபடி அயிட்டத்துக்குக் கார்டு செல்லாதுங்க” என்றார்கள். சரி என்று மாடிக்குப் போய் 7,600 ரூபாயில் வேறொன்று எடுத்தோம். பில் போடும் இடத்தில் அடுத்த குண்டு: “ஒரே பில்லில் முடிக்கணும் சார், மீதி வராது.”

“விடுங்க மாமா, துண்டு ஏதாவது எடுத்துக்கலாம்” என்றாள் அவள். வேண்டாத பொருளை எதற்கு வாங்க வேண்டும்? மேலாளரைக் கூப்பிட்டேன். கார்டு வந்த மின்னஞ்சலைத் திறக்கச் சொன்னார். பூ படத்துக்குக் கீழே, சாம்பல் நிறப் பொடி எழுத்தில் நிபந்தனைகள். செல்லுபடி ஆறு மாதம் என்பதும் அதில்தான் இருந்தது. பணம் கட்டிய பிறகுதானே அந்த மின்னஞ்சலே வந்தது! பில்லின் அடியில் ‘கார்டு இருப்பு: 0’ என்று அச்சாகி வந்தது.

முழுப் பணத்தையும் முன்னாலேயே வாங்கிக்கொண்டு, செலவழிக்காத பகுதியையும் கடையே வைத்துக்கொள்வதை வியாபாரம் என்று என்னால் ஏற்க முடியாது.

ஆஸ்திரேலியாவில் 2019 நவம்பர் 1 முதல் கிஃப்ட் கார்டுகள் குறைந்தது மூன்று ஆண்டு செல்ல வேண்டும். விற்ற பிறகு பெரும்பாலான கட்டணங்களைப் பிடிக்கக் கூடாது. இந்தியாவிலும் விதி இல்லாமல் இல்லை. ரிசர்வ் வங்கியின் 2021 விதிகளின்படி, வங்கிகளும் அனுமதி பெற்ற நிறுவனங்களும் தரும், பல கடைகளில் செல்லும் கிஃப்ட் கார்டுகளுக்குக் குறைந்தது ஓராண்டு ஆயுள் உண்டு. காலாவதிக்கு முந்தைய 45 நாட்களில் எஸ்எம்எஸ் அல்லது மின்னஞ்சலில் எச்சரிக்கவும் வேண்டும். ஆனால் ஒரு கடை தன் கடைக்கு மட்டும் தரும் கார்டு இந்த விதிகளுக்குள் வராது. கல்யாணத்துக்கும் தீபாவளிக்கும் நாம் அதிகம் வாங்குவது அந்தக் கார்டைத்தான். இந்த ஓட்டையை அரசு அடைத்தே ஆக வேண்டும்.

அதற்காக நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்ததும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைத்தேன். தமிழிலேயே பேசலாம். பொறுமையாகக் கேட்டு, பதிந்து, புகார் எண் கொடுத்தார்கள். நான் ஊரில் இருக்கும்போதே கடையின் தலைமை அலுவலகத்திலிருந்து அக்கா மகளுக்கு அழைப்பு வந்தது. 2,400 ரூபாய்க்குப் புதுக் கார்டு தந்தார்கள். 413 மட்டும் ‘பாலிசிப்படி’ திரும்ப வராதாம்.

அதையும் விடுவதாக இல்லை. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை, இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வெளிநாட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பில், மின்னஞ்சல், பணம் கட்டிய பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் மூன்றும் தயாராக இருக்கின்றன. இந்த வாரம் பதிகிறேன்.