முட்டைக்கோழித் தீவனத்தில் முருங்கை இலைத் தூளும் பைட்டேஸ் நொதியும்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

நாமக்கல் வட்டாரத்தில் முட்டைக்கோழிப் பண்ணை நடத்தும் நான், முருங்கை இலைத் தூளையும் பைட்டேஸ் நொதியையும் சில ஆண்டுகளாகத் தீவனத்தில் சேர்த்து வருகிறேன். இலைத் தூளின் பலன் மஞ்சள் கருவின் நிறத்தில் தெரியும். நொதியின் பலன் தீவனக் கணக்கில்தான் தெரியும்.

மக்காச்சோளம் விலையேறும் காலத்தில் கம்பையோ அரிசிக் குருணையையோ கூட்டினால் மஞ்சள் கரு வெளுத்துவிடும். நிழலில் உலர்த்தி அரைத்த முருங்கை இலையை நூற்றுக்கு மூன்று பங்கு சேர்த்தபின், ஓரிரு வாரங்களில் நிறம் மீண்டது. வெயிலில் காய்ந்த தூளில் நிறமிகள் சிதைந்துவிடுவதால் அந்தப் பலன் இல்லை. புரதம் 25 விழுக்காட்டை ஒட்டி இருந்தாலும், நார்ச்சத்து மிகுந்து எரிசக்தி குறைந்திருப்பதால் இதைச் சோயாப் புண்ணாக்குக்கு முழு மாற்றாகக் கருத இயலாது. ஐந்து பங்கைத் தாண்டியபோது என் பண்ணையில் முட்டை உற்பத்தி இறங்கியது. இலையில் சுண்ணாம்புச்சத்து உண்டென்று கிளிஞ்சலைக் குறைப்பதும் கூடாது.

நடைமுறைச் சிக்கலும் ஒன்று உண்டு. கோழிகள் சோளத் துண்டுகளைப் பொறுக்கித் தின்றுவிட, தொட்டியின் அடியில் பச்சைத் தூள் மட்டும் படிந்து நிற்கும். கலக்கும்போது சிறிது எண்ணெய் தெளித்த பிறகே இது பெருமளவு குறைந்தது.

தானியங்களிலும் புண்ணாக்கிலும் உள்ள பாஸ்பரஸில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பைட்டேட் என்னும் சேர்மமாகப் பிணைந்திருப்பதால், அதில் பெரும்பகுதி கோழிக்குப் பயன்படாமல் எச்சத்தோடு வெளியேறுகிறது. பைட்டேஸ் அந்தப் பிணைப்பை உடைக்கிறது. கிராமுக்கு 5000 அலகு செறிவுள்ள நொதியை டன்னுக்கு 100 கிராம், அதாவது கிலோ தீவனத்துக்கு 500 அலகு, சேர்க்கிறேன். இவ்வளவு சிறிய அளவு டன் முழுவதும் பரவ வேண்டுமாதலால், முதலில் சில கிலோ தவிட்டில் கலந்து, அதன் பின்னரே மிக்சரில் இடவேண்டும். பாஸ்பரஸுக்காகத் தீவனத்தில் சேர்க்கும் டிசிபியின் (டைகால்சியம் பாஸ்பேட்) அளவைக் குறைக்காமல் நொதியைக் கூடுதலாகத் தூவுவது பெரும்பாலும் வீண்செலவே. பண்ணையாளர்கள் பலர் இதைத்தான் கவனிப்பதில்லை. ஓட்டின் தடிப்பையும் உடைசலையும் கவனித்தபடி டிசிபியைப் படிப்படியாகப் பாதிக்குக் கொண்டுவந்தேன்; உடைசல் கூடவில்லை. எங்களுடையது மாவுத் தீவனமாதலால் நொதி சூட்டில் கெடும் அச்சமில்லை. சூடாக்கி அழுத்திக் குருணையாக்கும் பெல்லட் தீவனம் தயாரிப்போர் சூடு தாங்கும் வகையையே வாங்க வேண்டும்.

முருங்கை கிடைக்காத இடங்களில் சவுண்டல் இலையைச் சேர்க்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அதில் மைமோசின் என்னும் நச்சுப்பொருள் இருப்பதால், முட்டையிடும் கோழிகளுக்கு நான் அதைத் தருவதில்லை.