ஹேக்கர்ரேங்க் கோடிங் ரவுண்டு: தேர்வு எழுதுபவர் பக்கத்திலிருந்து

டெக்னிக்கல் வேலைகளுக்குப் பல நிறுவனங்கள் முதல் சல்லடையாக அனுப்புவது, இணையத்தில் கோடிங் தேர்வு நடத்தும் தளமான ஹேக்கர்ரேங்கின் லிங்க். எடிட்டரில் பெரிய குறையில்லை. வழக்கமான மொழிகள் எல்லாம் உண்டு, அடிப்பது தானாகவே சேமிக்கப்படும். பிரச்சினையெல்லாம் மதிப்பெண் போடும் முறையில்தான்.

'ரன் கோட்' அழுத்தினால் மாதிரி டெஸ்ட் கேஸ்கள், அதாவது உள்ளீடும் அதற்கு வரவேண்டிய விடையும் கொண்ட சோதனைகள்தான் ஓடும். மதிப்பெண்ணைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் மறைத்து வைத்த கேஸ்கள். அவற்றில் தோற்றால் எந்த உள்ளீட்டில் தோற்றது என்று காட்டாது. அதனால் கேள்வியில் கதையைப் படிக்கும் முன் கீழே உள்ள கன்ஸ்ட்ரெயின்ட்ஸை, அதாவது உள்ளீட்டின் வரம்புகளைப் பாருங்கள். பாதி விடை அங்கேயே இருக்கும்.

உள்ளீடு 1 லட்சம் எண்கள் என்று வைத்துக்கொள்வோம். லூப்புக்குள் லூப் போட்டால் 1000 கோடி செயல்கள். சி++ நொடிக்குச் சுமார் 10 கோடி எளிய செயல்களைச் செய்யும். அதற்கான வழக்கமான நேர வரம்பு 2 நொடி. பைத்தானுக்கு 10 நொடி கிடைக்கும், ஆனால் அதன் வேகத்துக்கு அது சலுகையே இல்லை. சார்ட் செய்தோ (வரிசைப்படுத்தியோ) ஹேஷ் மேப் (சாவியைக் கொண்டு மதிப்பைச் சட்டெனத் தேடும் அமைப்பு) வைத்தோ முடிக்கச் சொல்கிறார்கள் என்று அந்த 1 லட்சத்திலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

அடுத்து ஓவர்ஃப்ளோ, அதாவது எண் அதன் வகையின் கொள்ளளவைத் தாண்டுவது. ஒவ்வொரு எண்ணும் 100 கோடி வரை என்றால் கூட்டுத்தொகை 100 லட்சம் கோடியைத் தொடும். 32 பிட் இன்ட் என்ற முழு எண் வகை சுமார் 214 கோடியோடு நின்றுவிடும். ஜாவாவில் பெரிய எண்களுக்கான லாங் வகையைப் போடாதவர்களுக்கு மாதிரி கேஸ் பச்சை, மறைந்தவை சிவப்பு. உள்ளீட்டை நீங்களே வாசிக்க வேண்டிய கேள்விகளில் ஜாவா ஸ்கேனரும் பைத்தானின் இன்புட்டும் பெரிய கோப்புகளில் இழுக்கும்; பஃபர்ட்ரீடர், ரீட்லைன் தேவலை.

பிழை தேட எழுதிய பிரின்ட் வரிகளிலும் ஒரு வேறுபாடு. ஃபங்ஷனை மட்டும் நிரப்பச் சொல்லும் கேள்விகளில் விடை தனிக் கோப்புக்குப் போவதால் அவை விடையைக் கெடுக்காது. முழு நிரலையும் எழுதும் கேள்வியில் ஒரு வரி மிச்சமிருந்தாலும் 'ராங் ஆன்ஸர்'. எப்படியிருந்தாலும் பெரிய லூப்புக்குள் பிரின்ட் வேண்டாம், நேரத்தைத் தின்னும்.

வேலைக்கு எடுப்பவர் கண்காணிப்பு வசதியை இயக்கியிருந்தால் டேப் மாறியதும் வெளியிலிருந்து ஒட்டியதும் அறிக்கையில் பதிவாகும். தேர்வின்போது மொழியின் ஆவணங்களைப் பார்க்கலாமா என்று முன்பே மின்னஞ்சலில் கேட்டுவிடுவது நல்லது.

அல்காரிதம் பழக்கத்தை இந்தத் தேர்வு நன்றாகவே அளக்கிறது. பிறர் எழுதிய கோடைத் திருத்துவது, வடிவமைப்பை விவாதிப்பது போன்ற தினசரி வேலையை அளப்பதில்லை. கேஸ் வாரியாகப் பகுதி மதிப்பெண் கிடைக்கும் தேர்வென்றால், மெதுவான தீர்வையாவது முதலில் சப்மிட் செய்துவிட்டு அப்புறம் வேகப்படுத்துங்கள். இணைப்பு அறுந்தாலும் கடிகாரம் நிற்காது.