இசைமாலையா, நடைபவனியா, நெல் மூடையா?

தை பிறந்தால் எங்கள் சங்கக் கூட்டத்தில் ஒரே கேள்விதான்: இந்த வருடம் காசுக்கு என்ன செய்வது? நாங்கள் பெரிய நிறுவனம் இல்லை. கிளிநொச்சிப் பக்கத்திலும் முல்லைத்தீவின் உட்கிராமங்கள் சிலவற்றிலும், "இனி வீட்டில வைச்சுப் பாருங்கோ" என்று ஆஸ்பத்திரி அனுப்பிவைத்தவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கிறோம். புற்றுநோய் முற்றியவர்கள், பக்கவாதத்தில் விழுந்த முதியவர்கள், யுத்தத்தில் முள்ளந்தண்டில் அடிபட்டு வருடக்கணக்காகப் படுக்கையில் கிடப்பவர்கள். ஒரு தாதி அக்கா, இரண்டு மோட்டார் சைக்கிள், முறை வைத்து வரும் தொண்டர்கள். வெளிநாட்டில் இதை ஹொஸ்பிஸ் என்பார்கள். எங்கள் ஊரில் "அந்தப் புண் கட்டுற பிள்ளைகள்" என்றால்தான் தெரியும்.

காசு எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வலிக்குக் கொடுக்கும் மோர்பின், அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியர் எழுதித்தான் வரும். அதற்கு நாங்கள் காசு சேர்ப்பதில்லை. பெற்றோல், காஸ் துணி, கையுறை, பெரியவர்களுக்கான பம்பர்ஸ், சிறுநீர்ப் பை, காற்று மெத்தை, தாதி அக்காவுக்கு ஒரு கொடுப்பனவு என்று செலவு போகும். சில வேளை ஒருவரை யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வான் பிடிக்க வேண்டும். முல்லைத்தீவிலிருந்து அது நூறு கிலோமீற்றருக்கு மேல். இவற்றில் எதுவும் வருடத்துக்கு ஒரு முறை வரும் செலவு அல்ல. படுக்கைப்புண்ணுக்கு மாசியும் ஒன்றுதான், ஐப்பசியும் ஒன்றுதான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்றியே ஆக வேண்டும். அதனால் "எவ்வளவு சேர்ந்தது" என்பதைவிட "எத்தனை மாதத்துக்கு வந்தது" என்பதைத்தான் நான் பார்ப்பேன். கீழே எழுதுவதெல்லாம் அந்தக் கண்ணால் பார்த்தவை.

இசைமாலை

இசைக்குழுவை அழைத்து மாலையில் வைக்கும் பாட்டுக் கச்சேரி. இளைஞர்களின் முதல் தெரிவு எப்போதும் இதுதான். சனம் திரளும், ஊர் கலகலக்கும், ஒரே இரவில் கை நிறையக் காசு புரளும். அது உண்மை. ஆனால் புரளும் காசு வேறு, கையில் நிற்கும் காசு வேறு. மேடை, லைற், ஸ்பீக்கர், கரண்ட் போனால் ஜெனரேற்றர், இசைக்குழுவுக்கு முற்பணம், அவர்களின் சாப்பாடு, போக்குவரத்து. ரிக்கற் அடித்தால் பிரதேச சபைக்குக் கேளிக்கை வரி உண்டு. ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி எடுக்க வேண்டும். நாங்கள் வைத்த இசைமாலையில் வாசலில் சேர்ந்ததில் பாதிக்கு மேல் அடுத்த நாள் காலையிலேயே வாடகைகளுக்குப் போய்விட்டது. அதோடு இசைக்குழு பேசிய தொகையைவிடக் கூடக் கேட்டு, நிகழ்ச்சி தொடங்கும் நேரத்தில் வானை விட்டு இறங்க மறுத்தது. சனம் கதிரையில் இருக்கிறது. என்ன செய்வது, கொடுத்தோம்.

திகதியும் ஒரு சிக்கல். உலக ஹொஸ்பிஸ் தினம் ஒக்டோபர் இரண்டாவது சனிக்கிழமை. அந்த நாளில் வைத்தால் பொருத்தமாக இருக்கும் என்று நானே சொன்னேன், பிழை என்னுடையதுதான். வன்னியில் ஒக்டோபர் என்றால் மழை தலைகாட்டும் காலம், காலபோகம் என்ற பெரிய நெற்போகத்தின் விதைப்புக் காலம். விதைநெல்லுக்கும் உழவுக்கும் கடன் வாங்கி நிற்கும் மனிதனிடம் ரிக்கற் நீட்டினோம். அன்று பின்னேரம் மழையும் பிடித்துக்கொண்டது. மே மாதத்திலும் வைக்க முடியாது. யுத்தத்தின் கடைசியில் இறந்தவர்களை நினைத்து முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சும் கிழமையில் இந்த மண்ணில் யாரும் பாட்டுக் கச்சேரி வைப்பதில்லை, வைக்கவும் கூடாது. மாவீரர் நாள் வரும் கார்த்திகைக் கடைசியும் அப்படித்தான். இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தால் இசைமாலைக்கு வருடத்தில் மிஞ்சும் கிழமைகள் சொற்பம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மேடைக்குப் பின்னால் பெரிய திரை கட்டி, நாங்கள் பார்க்கும் நோயாளர் ஒருவரின் படத்தைப் போட்டால் சனம் இளகிக் காசு கூடப் போடும் என்று யோசனை வந்தது. சொன்னவர்கள் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் அந்த அம்மா தன் புண்ணை மகனுக்குக்கூடக் காட்டாமல் மறைத்து வைத்திருந்தவர். அவருடைய படத்தைக் காட்டி வாங்கும் காசில் அவருக்கே காஸ் துணி வாங்க எனக்கு மனம் வரவில்லை. சங்கமும் ஒத்துக்கொண்டது. அன்றிலிருந்து நோயாளரின் படம் எதிலும் போடுவதில்லை என்பது எங்கள் முடிவு.

மென்பந்துச் சுற்றுப்போட்டி

செலவு குறைவு. அணிக்கு ஒரு நுழைவுக் கட்டணம், மைதானம் கழகத்துடையது, வெற்றிக் கிண்ணத்தை ஒரு கடைக்காரர் தருவார். வந்ததில் பெரும்பகுதி கையில் நிற்கும். ஆனால் வருவது பெரும்பாலும் ஆண்கள். நோயாளரைத் தூக்கி, துடைத்து, உணவூட்டுவது வீட்டுப் பெண்கள். அவர்களிடம் எங்கள் பெயர் போய்ச் சேரவில்லை. காசுக்கு மட்டும் என்றால் சரி, அதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை.

நடைபவனி

இதற்கு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. 2011இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை, 27 நாட்களில் ஏறத்தாழ 670 கிலோமீற்றர் நடந்து, தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்காக நிதி திரட்டினார்கள். வன்னி மண்ணைக் கடந்துதான் அந்த நடை போனது. 2016இல் அதே பாதையை வடக்கிலிருந்து தெற்காக நடந்து, காலி கராப்பிட்டியில் புற்றுநோய் ஆஸ்பத்திரி கட்டச் சேர்த்தார்கள். சிங்களவரும் தமிழரும் ஒருவர் ஆஸ்பத்திரிக்கு மற்றவர் நடந்ததை இப்போது நினைத்தாலும் நெஞ்சு நிறைகிறது.

ஆனால் கட்டடத்துக்குச் சேர்ப்பது வேறு, கட்டுத்துணிக்குச் சேர்ப்பது வேறு. பெரிய கம்பனிகள் முன்வந்து கொடுத்தால்தான் நடைபவனியில் பெருந்தொகை சேரும். எங்கள் நடை முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, விடியப்புறம் புறப்பட்டு, கிளிநொச்சி நகரத்தில் முடிந்தது. வெயில் ஏறுவதற்குள் வந்துவிட வேண்டும் என்பதால் முதியவர்கள் பாதியில் ஆட்டோ ஏறினார்கள். ரீசேட் அடித்ததுதான் நாங்கள் விட்ட பெரிய தவறு. கொடுத்தவர்களின் காசில் கணிசமான பங்கு துணியாகப் போய்விட்டது.

லண்டனில் ஒரு பிள்ளை பத்துக் கிலோமீற்றர் ஓடினால், பள்ளிக்கூடச் சிநேகிதரும் அயலவரும் "நீ ஓடு, நான் தருகிறேன்" என்று காசு கட்டுவார்கள். அங்கே அது பழகிய வழக்கம். இங்கே "நான் நடக்கிறேன், காசு தாருங்கோ" என்றால், "நடக்காமலே கேட்டிருக்கலாமே, தம்பி" என்பார்கள். கோயிலுக்கென்றால் நடைக்கு மதிப்பு உண்டு, கதிர்காமப் பாதயாத்திரை போகும் சனம்தானே இது. ஆனால் நடப்பதை ரூபாயாக அளக்கும் பழக்கம் எங்களிடம் இல்லை.

இவ்வளவு குறை சொன்னாலும் நடைபவனியை நான் கைவிடச் சொல்ல மாட்டேன். அன்று வீதியோரத்தில் தண்ணீர் தந்த ஒரு அக்கா, நாங்கள் கொடுத்த நோட்டீசை வாசித்துவிட்டு, "வீட்டுக்கு வந்து பாப்பியளோ? அம்மா நாலு மாசமாப் படுக்கையில" என்று கேட்டார். அன்றைக்கே தாதி அக்கா போனார். அந்த அம்மாவின் இடுப்பில் இருந்த புண்ணைப் பார்த்தபோது, நாலு மாதம் முந்தி இந்த நோட்டீஸ் அவர்கள் கையில் கிடைத்திருந்தால் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். காசு குறைவாக வந்த அந்த நாள், எங்களுக்கு இரண்டு வீடுகளைக் காட்டித் தந்தது.

உணவுச் சந்தை

மாதர் சங்கம் பொறுப்பெடுத்தால் இது நன்றாக நடக்கும். ஒடியல் கூழ், பாலப்பம், உளுத்தம் வடை. சாமான்களை வீட்டுக்கு வீடு தருவார்கள், அதனால் விற்கும் காசு அப்படியே மிஞ்சும். எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. முதல் நாள் இரவு முழுக்க உழுந்து அரைத்து நின்றவர்களில் மூன்று பேர், தங்கள் வீட்டிலும் நோயாளரை வைத்துப் பார்ப்பவர்கள். யாருடைய சுமையைக் குறைக்கப் புறப்பட்டோமோ அவர்கள் தலையிலேயே இன்னொரு சுமையை ஏற்றியிருந்தோம். அடுத்த முறை அடுப்படியில் ஆண்களும் நிற்க வேண்டும்.

கடைகளில் உண்டியல்

கேரளாவில் 1993இல் கோழிக்கோட்டில் சிறிதாகத் தொடங்கிய நோய்தணிப்புப் பராமரிப்பு, பிறகு மலப்புறம் போன்ற மாவட்டங்களில் ஊர்மக்களே நடத்தும் வலையமைப்பாக வளர்ந்தது. அதைத் தாங்கியவை பெரும் கொடைகள் மட்டுமல்ல. கடைகளில் வைத்த சின்னப் பெட்டிகளும், மாணவர்களும் தொழிலாளரும் போட்ட சில்லறையும்தான். ஏ9 வீதியில் போகிறவர் முறிகண்டியில் இறங்கிச் சில்லறை போடாமல் போவதில்லை, ஆகவே இந்தப் பழக்கம் நமக்கும் புதிதல்ல. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு சில்லறையின் பெறுமதி தேய்ந்துவிட்டது என்பதுதான் கவலை. பெட்டியை மாதம் தவறாமல் போய்த் திறக்கவும், கடைக்காரர் முன்னால் எண்ணிப் பற்றுச்சீட்டு எழுதவும் ஒரு ஆள் வேண்டும். இரண்டு மாதம் திறக்காமல் விட்ட பெட்டியில் மூன்றாம் மாதம் யாரும் போடுவதில்லை.

நெல் மூடை

என் மனம் நிற்பது இங்கேதான். காலபோக அறுவடை தை கடைசியில் தொடங்கி மாசி, பங்குனி வரை போகும். வன்னி மனிதனின் கை கொஞ்சம் நனைவது அந்த நேரத்தில்தான். காசாகக் கேட்டால், "கடன் கட்டிட்டுப் பாப்பம்" என்பார். அது நியாயமான பதில். நெல்லாகக் கேட்டால் அரை மூடையோ ஒரு மூடையோ மறுக்காமல் தருவார். மாடு கட்டிச் சூடு மிதித்து நெல்லைப் பிரித்த காலத்தில் களத்தில் வைத்தே கோயிலுக்கு நெல் அளந்து வைத்த கை அது. நாங்கள் புதிதாக ஒன்றும் பழக்க வேண்டியதில்லை.

இதில் நான் கண்ட பெரிய நன்மை, நெல் தன்னைத் தானே மாதங்களுக்குப் பிரித்துத் தருகிறது. அறுவடை நேரம் விலை விழுந்து கிடக்கும். காயவைத்து, அடுக்கி, பிறகு மாதம் சில மூடையாக விற்றால் பெற்றோலுக்கும் பம்பர்ஸுக்கும் அந்தந்த மாதமே காசு வரும், விலையும் கூட. இசைமாலைக் காசு மூன்று மாதத்தில் கரைந்த இடத்தில் போன வருடத்து நெல் ஆவணி வரை வந்தது. மில்லில் குற்றிய அரிசியில் கொஞ்சம், உழைப்பவரே படுத்துவிட்ட வீடுகளுக்கு நேரே போனது. அப்படி ஒரு வீட்டில், அரிசிப் பையைப் பார்த்த ஐயா, "எந்த வயல் நெல்?" என்று கேட்டார். அக்கராயன் என்றோம். படுத்திருந்தபடியே இரண்டு அரிசியை வாயில் போட்டு மென்று பார்த்தார். அவரும் அங்கே கமம் செய்தவர்.

சிரமங்கள் இல்லாமல் இல்லை. இப்போது அறுவடை இயந்திரம் வயலுக்குள் இறங்கினால் வரம்பிலேயே வியாபாரியின் லொறி நிற்கும். ஈர நெல் அப்படியே ஏறிப் போய்விடும். களம் என்ற ஒன்றே இல்லாமல் போய்விட்டது. ஆகவே அந்த ஒரு மணித்தியாலத்தில் சாக்கோடு அங்கே நிற்க வேண்டும். கமக்காரர் அமைப்பின் ஒத்துழைப்பு இல்லாமல் எந்த வயல் என்றைக்கு அறுபடும் என்று தெரியாது. ஈரப்பதன் 14 சதவீதத்துக்கு இறங்காவிட்டால் நல்ல விலை இல்லை, அடுக்கினால் பூஞ்சணம் பிடிக்கும். எலி வேறு. வெள்ளம் வந்த வருடத்தில் கேட்கவே கூடாது: 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து வயலும் வீடும் தண்ணீரில் நின்றதே, அப்படி ஒரு வருடத்தில் கமக்காரனுக்கு நாங்கள்தான் கொடுக்க வேண்டும். கரையோரத்தில் நெல் இல்லை. அங்கே ஒரு நாள் கரைவலை மீன் விற்ற காசில் ஒரு பங்கு தரலாம் என்று வலைக்குச் சொந்தக்காரரான ஒரு சம்மாட்டி சொல்லியிருக்கிறார்.

நினைவுக் கொடை

இது நிகழ்ச்சி அல்ல, ஆனாலும் ஒப்பிடாமல் விட முடியாது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு, இறந்தவரைப் பற்றிய கல்வெட்டு என்ற சிறு புத்தகம் அடித்து ஊருக்குக் கொடுப்பது நம் வழக்கம். அதோடு, ஆண்டுத்திவசத்தில் இறந்தவர் பெயரில் ஒரு நோயாளரின் ஒரு மாதச் செலவை ஏற்கும் வீடுகள் மெல்ல மெல்லக் கூடி வருகின்றன. கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகள், தாய் தகப்பனைப் பக்கத்தில் இருந்து பார்க்க முடியாமல் போனவர்கள், இதை மனமுவந்து செய்கிறார்கள். செலவே இல்லாத வழி, மாதா மாதம் வரும் வழி.

ஆனால் கேட்கும் விதத்தில் கவனம் வேண்டும். நோயாளர் எங்கள் பராமரிப்பில் இருக்கும்வரை அந்த வீட்டில் ஒரு சதமும் வாங்குவதில்லை. வாங்கினால் அது கூலியாகிவிடும், கொடுக்க முடியாத வீடு கூச்சத்தில் எங்களைக் கூப்பிடாமல் விட்டுவிடும். மனைவியைப் பறிகொடுத்த ஒருவர் எட்டாம் நாளே கடித உறையோடு வந்தார். அந்தியேட்டி முடியட்டும் அண்ணை, பிறகு பார்ப்போம் என்று தேநீர் கொடுத்து அனுப்பினோம். ஒரு வருடம் கழித்துத் திவசத்தன்று வந்தார். இப்போது தொண்டர்களில் அவரும் ஒருவர்.

சரி, இந்த வருடம் என்ன செய்யப் போகிறோம்? கூட்டத்தில் நான் சொன்னது இது: நெல்லும் நினைவுக் கொடையும் மாதச் செலவைத் தாங்கட்டும். நடைபவனி ரீசேட் இல்லாமல், காசுக்காக அல்லாமல், வீடுகளைக் கண்டுபிடிப்பதற்காக நடக்கட்டும். மேடைச் செலவை யாராவது முழுதாக ஏற்றால் இசைமாலை வைக்கலாம், இல்லாவிட்டால் வேண்டாம். இளைஞர்கள் முகம் வாடினார்கள். ஆனால் இசைமாலைக்காக அதிகம் வாதாடிய தம்பியே நெல் ஏற்றத் தன் மாமாவின் லான்ட்மாஸ்ரரை, அந்த இரண்டு சக்கர உழவு இயந்திரத்தை, கொண்டுவருகிறேன் என்று எழுந்து சொன்னான்.

அடுத்த கிழமை தருமபுரத்தில் முதல் வயல் அறுபடுகிறது. நாற்பது சாக்கு கழுவிக் காயப்போட்டிருக்கிறோம். நெல்லின் ஈரம் பார்க்கும் கருவி ஒன்றுதான் இன்னும் கிடைக்கவில்லை. இரவல் தரக்கூடியவர்கள் பரந்தன் பக்கத்தில் யாராவது இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்கு முன் சொல்லுங்கள்.